48 மணி நேரம் அரசு பார்த்துக்கும்... அடுத்த ஆறு மாசம்? - ஒரகடம் சாலையில் உடையும் முட்டிகளின் கணக்கு!

காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் போகிற நேரத்தில் படப்பை பஜாரில் நின்னு பார்த்திருக்கீங்களா? வண்டலூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையா வரும். எதிர்ப்பக்கம் புதுக் கார்களை அடுக்கிக்கிட்டு ட்ரெய்லர் ஒண்ணு திரும்பும். அதுக்குப் பின்னாடி கன்டெய்னர் லாரி. இதுக்கெல்லாம் நடுவுல கிடைக்கிற ஒன்றரை அடி இடைவெளியில, டிபன் பையை டேங்க் மேல வெச்சுக்கிட்டு ஒரகடம் பக்கம் போற நூத்துக்கணக்கான பைக்குகள். அதுல ஒண்ணு உங்களுடையதா இருக்கலாம். இல்லைன்னா, நீங்க இதைப் படிச்சுக்கிட்டிருக்கிறதே அந்த கம்பெனி பஸ்ஸோட ஜன்னல் சீட்டா இருக்கலாம்.

தலைக்கு ஹெல்மெட் போட்டிருப்பீங்க. கேஸ் போடுவாங்கன்னாவது போட்டிருப்பீங்க. முட்டிக்கு?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம். அதில் இறந்தவர்கள் 17,884 பேர். இறப்புகள் ஒவ்வொரு வருஷமும் தலைப்புச் செய்தி ஆகுது. ஆனா, 'காலில் பலத்த காயத்துடன் உயிர் தப்பினார்' என்று ஒரே வரியில் முடிகிற செய்திகள் இருக்கே, அந்த வரிக்குப் பிறகு என்ன நடக்குதுன்னு யாரும் எழுதுறதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒற்றை வரியைப் பத்தினது. குறிப்பா, அந்தக் காயங்களில் ரொம்ப சிக்கலான ஒண்ணைப் பத்தினது: முட்டிக்கு மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில் ஏற்படும் முறிவு.

முட்டிக்கு மேல நாலு விரல்

உங்க கையை முட்டிச் சில்லுக்கு மேல வைங்க. நாலு விரல் அகலம். உடம்பின் மிக நீளமான எலும்பான தொடை எலும்பு, அந்த இடத்தில்தான் திடீர்னு அகலமாகி ரெண்டு குமிழ்களாப் பிரியுது. அந்தக் குமிழ்கள் மேலதான் முட்டி மடங்கி நிமிருது. நடுத்தொடையில் எலும்பு கெட்டியான குழாய் மாதிரி இருக்கும். ஆனா இந்த அகலமான இடத்தில், மெல்லிய ஓடும் உள்ளே பஞ்சு போன்ற எலும்புமாகத்தான் இருக்கும். அதனால பலமான அடி விழுந்தா நொறுங்கிப் போகும்.

இந்த முறிவு பெரும்பாலும் ரெண்டு வகை ஆட்களுக்கு வருது. ஒண்ணு, வேகமா வந்து மோதுகிற இளைஞர்கள். பைக் ஓட்டும்போது நம்ம உடம்பில் முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற பாகமே மடங்கிய முட்டிதான். பம்பர் இடிச்சாலும் சரி, தூக்கி வீசப்பட்டுத் தார் ரோட்டுல விழுந்தாலும் சரி, முதல் அடி அங்கதான். காரில் முன் சீட்டில் இருப்பவருக்கு டேஷ்போர்டு அதே வேலையைச் செய்யும். இன்னொண்ணு, எலும்பு தேய்ந்த வயசானவங்க. முக்கியமா பெண்கள். உங்க பாட்டி பாத்ரூமில் வழுக்கி, வெறுமனே முட்டி குத்தி விழுந்தாலே போதும்.

டாக்டர்கள் இதை மூணா பிரிக்கிறாங்க. எலும்பு உடைஞ்சிருக்கு, ஆனா மூட்டுக்குள்ள விரிசல் போகலைன்னா முதல் வகை. ரெண்டு குமிழ்களில் ஒண்ணு மட்டும் பிளந்திருந்தா ரெண்டாவது. ரெண்டு குமிழும் தனித்தனியாகி, எலும்புத் தண்டிலிருந்தும் கழன்றிருந்தா மூணாவது. வேகமான பைக் விபத்துகளில் டாக்டர்கள் பயப்படுறது இந்த மூணாவது வகைக்குத்தான்.

இதில் ஒரு கள்ளத்தனமான முறிவும் உண்டு. குமிழின் பின்பாதி மட்டும், முன்னும் பின்னுமா ரெண்டா வெட்டின மாதிரி பிளந்து போகும். ஆல்பர்ட் ஹோஃபா என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் 'ஹோஃபா முறிவு'ன்னு சொல்வாங்க. சாதாரண எக்ஸ்ரேயில் இது கண்ணுக்குத் தப்பிவிடலாம். அதனால, முட்டி பயங்கரமா வீங்கியிருக்கு, கால் ஊன்றவே முடியலை, ஆனா 'எக்ஸ்ரே நார்மல்'னு சொன்னா, 'சி.டி ஸ்கேன் தேவைப்படுமா டாக்டர்?'னு தயங்காமக் கேளுங்க.

அந்த முதல் அரை மணி நேரம்

நம்ம ஊர்ல விபத்துன்னா உதவ ஆள் கூடிடுவாங்க. நல்ல விஷயம். ஆனா அடுத்து செய்யுறதுதான் பிரச்னை. அடிபட்டவரை ரெண்டு பேருக்கு நடுவுல பைக்கில் உட்கார வெச்சு, கால் தொங்கத் தொங்க கிளினிக்குக் கொண்டு போறது!

தொடை எலும்பின் கீழ்முனை உடைஞ்சதும், கெண்டைக்கால் சதை அந்த உடைஞ்ச துண்டைப் பின்னாடி இழுக்கும். சரியா அதுக்குப் பின்னாடிதான் பாதத்துக்கு ரத்தம் கொண்டு போகிற பெரிய ரத்தக்குழாய் ஓடுது. கூர்மையான எலும்பு முனை அதைக் குத்தினாலோ நசுக்கினாலோ, முட்டிக்குக் கீழே ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் தாண்டத் தாண்ட, காலையே எடுக்க வேண்டிய ஆபத்து ஏறிக்கிட்டே போகும். அதனால:

• 108-ஐ அழையுங்க. காலை இழுத்து நேராக்க முயற்சி பண்ணாதீங்க. கிடக்கிற நிலையிலேயே, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு பலகையோ, மடிச்ச கெட்டி அட்டைப்பெட்டியோ வெச்சு, துண்டால் இறுக்காமக் கட்டுங்க.

• ஷூவைக் கழற்ற முடிஞ்சா, ரெண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்க. அடிபட்ட பாதம் சில்லுன்னு, வெளிறிப்போய் இருக்கா? கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லுங்க. முடியலையா? ஆம்புலன்ஸ் ஊழியரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

• எலும்பு வெளியே தெரிஞ்சா உள்ளே தள்ளாதீங்க. மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, ரத்தம் வந்தா அழுத்திப் பிடிங்க.

• டீ, தண்ணி கொடுக்காதீங்க. உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம்.

'உதவப் போய் போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே'ன்னு பயமா? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு கொடுக்குது. உங்க பெயரைச் சொல்லச் சொல்லிக்கூட கட்டாயப்படுத்த முடியாது.

கட்டு போட்டா போதுமா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. ஆந்திராவின் புத்தூர் பெயரைத் தாங்கிய 'புத்தூர் கட்டு' போர்டு இல்லாத ஊர் நம்ம பக்கம் குறைவு. 'கத்தி வெக்காம சரி பண்ணிடுவாங்க'ன்னு பக்கத்து ரூம் அண்ணன் சொல்வார். அவர் கை எலும்பு அப்படித்தான் சேர்ந்திருக்கும். அவர் பொய் சொல்லலை. விலகாத, சின்ன முறிவுகள் அசையாம வெச்சிருந்தாலே பல நேரம் கூடிடும். மாவுக்கட்டின் தத்துவமும் அதுதானே?

ஆனா முட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. காரணம் ரெண்டு. மூட்டுக்குள்ள போன முறிவு, ஒரு மில்லிமீட்டர் கணக்கில் சமமாச் சேரணும். கொஞ்சம் மேடு பள்ளமாச் சேர்ந்தாலும், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் குருத்தெலும்பு தேயும். முப்பது வயசில் அறுபது வயசு முட்டி வந்துடும். ரெண்டாவது, எலும்பு சேரும் வரை ரெண்டு, மூணு மாசம் முட்டியை அசைக்காமக் கட்டியே வெச்சிருந்தா, எலும்பு கூடும். ஆனா முட்டி மடங்காது. கட்டு ரொம்ப இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் நின்னு கால் அழுகிப்போகும் அபாயமும் இருக்கு. எண்ணெய் போட்டு உருவி விடுறதும் வேண்டாம். அடிபட்ட சதையைத் தேய்க்கத் தேய்க்க, சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடலாம்.

அப்போ எல்லாருக்கும் ஆபரேஷனா? இல்லை. கொஞ்சமும் விலகாத முறிவு, ஏற்கெனவே நடக்க முடியாத நிலையில் இருப்பவர், மயக்க மருந்தைத் தாங்க முடியாத உடல்நிலை... இவங்களுக்கு பிரேஸ், மாவுக்கட்டு போதும்னு டாக்டர் முடிவெடுப்பார். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு வழி ஆபரேஷன்தான்.

பிளேட்டா, ராடா?

நொறுங்கிய குமிழ்களை முதலில் ஸ்க்ரூ போட்டு ஒண்ணாக்கி, அப்புறம் தொடையின் வெளிப்பக்கமா ஒரு பிளேட் வெச்சு எலும்புத் தண்டோடு சேர்ப்பது ஒரு முறை. இப்போ பயன்படுத்துற 'லாக்கிங்' பிளேட்டில் ஸ்க்ரூவின் தலையும் பிளேட்டில் மரை மாதிரி பூட்டிக்கும். மெலிஞ்ச எலும்பிலும் பிடி கிடைக்கும். நீங்க லைனில் போல்ட் முடுக்குறவரா இருந்தா, இது டக்குனு புரிஞ்சிருக்கும். முட்டி வழியா மேல்நோக்கி ராடு செலுத்துவது இன்னொரு முறை. எலும்பு ரொம்பத் தேய்ஞ்ச வயசானவர்களில் சிலருக்கு, அந்த முனையையே எடுத்துட்டு செயற்கை மூட்டு வைக்கிறதும் உண்டு. எதுன்னு முடிவு பண்றது முறிவின் வடிவமும் எலும்பின் தரமும்தான்.

தோல் கிழிஞ்சு எலும்பு வெளியே வந்திருந்தா கதையே வேற. ஆன்டிபயாடிக் ஊசி சீக்கிரம் போடணும், காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்யணும். பல நேரங்களில் வெளியிலிருந்து கம்பி மாட்டி காலை நிறுத்திட்டு, வீக்கம் வடிஞ்ச பிறகுதான் பிளேட். 'முதல் நாளே ஏன் முழுசா முடிக்கலை, பணம் பிடுங்குறாங்களோ?'ன்னு உறவினர்கள் சந்தேகப்படுறது இந்த இடத்துலதான். எல்லா நேரமும் அது உண்மையில்லை.

ஒரு பெருமைக்குரிய தகவலும் சொல்லிடுறேன். படுமோசமா சிதைந்த காலைக் காப்பாற்றலாமா, எடுக்கணுமான்னு முடிவு செய்ய, தோல், எலும்பு, சதை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மதிப்பெண் போடும் முறை ஒண்ணு இருக்கு. முட்டிக்குக் கீழுள்ள கால் எலும்பின் திறந்த முறிவுகளுக்காக அதை உருவாக்கி 2006-ல் வெளியிட்டவங்க, நம்ம கோவை கங்கா மருத்துவமனை டாக்டர்கள். இன்னிக்கு வெளிநாட்டு ஆராய்ச்சிகளிலும் அதை மேற்கோள் காட்டுறாங்க.

எலும்பு கூடினா போதாது, முட்டி மடங்கணும்!

ஆபரேஷன் முடிஞ்சதும் பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. முட்டியை அசைக்கிற பயிற்சியைப் பொதுவா சில நாள்களிலேயே ஆரம்பிப்பாங்க. ஆனா முழு எடையையும் ஊன்ற, பலருக்கு மூணு மாசம் வரை ஆகலாம். அதுவரை வாக்கர். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் எப்போ சொல்றாரோ அப்போதான் ஊன்றணும்.

சமதளத்தில் நடக்க முட்டி சுமார் 60-70 டிகிரி மடங்கினா போதும். படி ஏற, நாற்காலியில் உட்கார்ந்து எழ 90 வேணும். இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்கார 120-க்கு மேல வேணும். இப்போ யோசிங்க. படப்பையில் நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கிற உங்க ரூம் எந்த மாடியில இருக்கு? டாய்லெட் எந்த வகை? ஆபரேஷன் வார்டில் யாரும் கேட்காத கேள்வி இது. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னிக்கு ராத்திரி, இதுதான் முதல் கேள்வியா நிக்கும். கமோடு ஸ்டூல் வாங்குறதும், மூணு மாசத்துக்குத் தரைத்தள வீட்டுக்கோ ஊருக்கோ போறதும் இந்தச் சிகிச்சையோட ஒரு பகுதிதான். ஊருக்குப் போனாலும், பக்கத்துல பிசியோதெரபி எங்கேன்னு விசாரிச்சுட்டுப் போங்க. வலிக்குதுன்னு முதல் ஆறு வாரம் முட்டியை மடக்காம விட்டா, அப்புறம் மீட்பது ரொம்பக் கஷ்டம்.

இன்னொண்ணு, சிகரெட். எலும்பு கூடுறதைத் தாமதப்படுத்தும். ஆறு மாசம் விட்டுடுங்க. அப்படியே விட்டுட்டாலும் நல்லதுதான்.

48 மணி நேரமும் மிச்ச 180 நாளும்

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். இந்த முறிவின் நிஜமான சிக்கல் இங்கதான் இருக்கு.

2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை, 81 சிகிச்சை முறைகளுக்கு. காப்பீட்டு அட்டை தேவையில்லை, எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் பரவாயில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் இருக்கிற இந்தப் பக்கத்துக்கு அது எவ்வளவு முக்கியம்னு சொல்லவே தேவையில்லை. 2025 மே மாசம் மத்திய அரசும் இதே மாதிரி ஒரு திட்டத்தை அறிவித்தது. விபத்து நடந்த 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லா சிகிச்சை.

ரெண்டுமே உயிர் காக்கிற திட்டங்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனா முட்டி முறிவின் கடிகாரம் வேற மாதிரி ஓடுது. வீக்கம் வடிஞ்சு பிளேட் வைக்கவே சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகலாம். அப்புறம் பிசியோதெரபி, சம்பளம் இல்லாத மாசங்கள். அதை யார் பார்த்துக்குவாங்க?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கணும். மாசம் 15,000 வாங்கினாலே உங்க வருமானம் மட்டும் 1.8 லட்சம். அதாவது, வரம்பைத் தாண்டிட்டீங்க. அடுத்து இ.எஸ்.ஐ. இதுக்குச் சம்பள வரம்பு 2017 ஜனவரியிலிருந்து மாசம் 21,000. நீங்க 22,000 வாங்குறவரா இருந்தா ரெண்டுலயும் வர மாட்டீங்க. அப்போ கம்பெனி போட்டிருக்கிற குரூப் இன்ஷூரன்ஸ்தான் கதி. அந்தக் கார்டில் எவ்வளவு தொகைன்னு இன்னிக்கே பார்த்துடுங்க.

இ.எஸ்.ஐ-யில் இருக்கிறவங்களுக்கு, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். வேலை தொடர்பான காயம்னு பதிவானா, குணமாகி வேலைக்குத் திரும்பும் வரை ஊதியத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். வேலையில் சேர்ந்து ரெண்டு வாரமே ஆகியிருந்தாலும் உண்டு. சாதாரண நோய்னு பதிவானா 70 சதவிகிதம்தான். அதுவும் வருஷத்துக்கு 91 நாள்தான். குறிப்பிட்ட நாள்கள் சந்தா கட்டியிருக்கவும் வேணும்.

தோராயமா ஒரு கணக்கு. சம்பளம் 18,000. அஞ்சு மாசம் லீவ். 90 சதவிகிதம்னா மாசம் 16,200 வீதம் 81,000 ரூபாய். 70 சதவிகிதம்னா மாசம் 12,600 வீதம் மூணு மாசத்துக்கு 37,800 ரூபாய், அதோட முடிஞ்சது. ஒரே கால், ஒரே முறிவு. எந்தத் தலைப்பில் பதிவாச்சுங்கிறதுல 43,000 ரூபாய் வித்தியாசம்!

'விபத்து ரோட்டுல நடந்தது, கம்பெனிக்குள்ள இல்லையே'ன்னு சொல்வாங்க. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும்போது நடக்கிற விபத்தையும், நேரம், இடம், சூழலுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தா வேலை விபத்தாவே கருதணும்னு 2010-லேயே இ.எஸ்.ஐ சட்டத்தில் 51இ பிரிவு சேர்க்கப்பட்டுவிட்டது. 2003-ல், அதிகாலை 3 மணி டூட்டிக்காக பைக்கில் கிளம்பி விபத்தில் இறந்த மகாராஷ்டிர சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் இதே கருத்தைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பொருத்தித் தீர்ப்பு சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கு.

அதனால, அடிபட்டவரோட நண்பரா நீங்க ஆஸ்பத்திரியில் நிக்கும்போது செய்ய வேண்டியது:

• ஷிஃப்ட் முடிஞ்ச நேரம், பஞ்ச் ரெக்கார்டு, விபத்து நடந்த இடம், நேரம்... எல்லாத்தையும் ஒரே மெசேஜா ஹெச்.ஆருக்கு வாட்ஸ்அப், இமெயிலில் அன்னிக்கே அனுப்புங்க. விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ-க்கு அனுப்ப வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

• காண்ட்ராக்ட் ஆள்தானேன்னு தட்டிக் கழிச்சா விட்டுடாதீங்க. காண்ட்ராக்டர் கட்டலைன்னாலும், சந்தாவுக்கு முதன்மை நிறுவனமும் பொறுப்பு.

• போலீஸ் எஃப்.ஐ.ஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாசத்துக்குள் மனு செய்யணும்னு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் சொல்லுது. 'எழுந்து நடந்ததும் பார்த்துக்கலாம்'னு விட்டா, நடக்க ஆரம்பிக்கும்போது கெடு முடிஞ்சிருக்கும்.

• இடிச்ச வண்டி எதுன்னே தெரியலையா? எலும்பு முறிவு சட்டப்படி 'கொடுங்காயம்'. அதுக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

யாருடைய கணக்கு?

1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். அப்புறம் டைம்லர், ராயல் என்ஃபீல்டு. நாடு முழுக்க ஓடுகிற கார், லாரி, புல்லட்டையெல்லாம் செய்யுற பெல்ட் இது. அதைச் செய்யுறவங்க வீடு திரும்புற ரோடும் அதே தரத்தில் இருக்கணும்னு கேட்பது பேராசையா?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். வேலைக்குப் பக்கத்திலேயே தங்கினா, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு தூக்கக் கலக்கத்தில் 20 கிலோமீட்டர் பைக் ஓட்டத் தேவையில்லை. ஆண்களுக்கும், காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் அது விரியணும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கம்பெனி பஸ்ஸில் சீட் வேணும். கூடவே, 48 மணி நேரத்துக்கு இருக்கிற அதே அக்கறை அடுத்த 180 நாளுக்கும் வேணும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் பிசியோதெரபி. நடந்து வர்ற வரைக்கும் வேலை பத்திரம்ங்கிற உறுதி. அது இல்லாததாலதான், பாதி கூடின எலும்போட வாக்கரை வீசிட்டு லைனில் போய் எட்டு மணி நேரம் நிக்கிறாங்க. சில மாசம் கழிச்சு பிளேட் உடைஞ்சு திரும்ப வர்றாங்க. டாக்டர் 'அவசரப்பட்டுட்டீங்களே'ன்னு கேட்பார். அவசரம் அவங்களுடையது இல்லைங்க, வாடகையுடையது.

இன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பும்போது ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க இ.எஸ்.ஐ நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ரூம்மேட்டுக்கும் வீட்டில் ஒருத்தருக்கும் அனுப்பி வைங்க. தேவைப்படவே கூடாதுதான். ஆனா தேவைப்படுற அன்னிக்கு, அந்த நம்பரைத் தேடி எடுக்கிற நிலைமையில நீங்க இருக்க மாட்டீங்க.

அப்புறம், ட்ரெய்லருக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல அந்த ஒன்றரை அடி இடைவெளி தெரியுதே... அது வழி இல்லை. அஞ்சு நிமிஷம் லேட்டாவே போங்க!